சுபம் போடும் கை

மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஆளைப் பார்த்தபோது இரவு ஒன்றரை மணி இருக்கும். அக்கா வீட்டு மாடியறை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், அரைத் தூக்கத்திலிருந்து நிமிர்ந்து, "என்ன மாமா, செத்துட்டானா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரமாக அந்த ஆளோடு பழகியிருந்தேன்.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'விட்சர் 3' அது. சப்கோவ்ஸ்கி எழுதிய கதைகளின் உலகம். கூலிக்குப் பேய்பிசாசுகளைக் கொல்லும் கெரால்ட்டாக நாம் விளையாடுகிறோம். போரில் சீரழிந்த வெலென் என்ற பகுதியில் ஒரு கோட்டையைப் பிடித்துவைத்துக்கொண்டு, தன்னைத்தானே பாரன் என்று அழைத்துக்கொள்பவன் ஸ்ட்ரெங்கர். தொப்பையும் தாடியுமாகப் பெரிய ஆகிருதி. குடிகாரன், மனைவியை அடித்தவன். அவர்களுக்குள் கைகலப்பு நடந்த ஓர் இரவில் அவள் கர்ப்பம் கலைந்தது. அவளும் மகளும் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடித் தரும்படி நம்மிடம் கேட்கிறான். பெயர் வைக்காமல் புதைத்த அந்தச் சிசு பேயாகத் திரும்பி வருகிறது. அதைக் கைகளில் ஏந்திக்கொண்டு மழையில் நடந்து, பெயர் சொல்லி அழைத்து, வாசற்படிக்குக் கீழே புதைக்கிறான். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து குழி தோண்டுவதைப் பார்க்கும்போது, வெறுத்துக்கொண்டே ஒருவன்மேல் இரக்கப்பட முடியும் என்று தெரிகிறது.

மனைவி ஆன்னா கிடைக்கும் இடம் ஒரு சதுப்பு நிலம். மூன்று சூனியக் கிழவிகளுக்கு அடிமையாக, அநாதைக் குழந்தைகள் சிலரை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். கிழவிகள் அந்தக் குழந்தைகளைத் தின்னப் போகிறார்கள். ஒரு மரத்தின் வேருக்கடியில் அடைபட்டுக் கிடக்கும் ஆவி, என்னை விடுவித்தால் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. அந்த ஆவியைக் கொல் என்பது கிழவிகள் வைத்த வேலை. நான் விடுவித்தேன். குழந்தைகள் பிழைத்தார்கள். வெளியே வந்த ஆவி ஒரு கிராமத்தையே அழித்தது. குழந்தைகளைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் கிழவிகள் ஆன்னாவைச் சதுப்பு நிலப் பேயாக மாற்றினார்கள். சாபம் நீங்கி மனித உருவம் வந்த சற்று நேரத்தில் அவள் செத்துப்போனாள். அதற்குப் பிறகுதான் அந்த மரமும் கயிறும்.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கைப்பேசியை எடுத்து, பாரன் பிழைக்க வழி உண்டா என்று தேடினேன். உண்டு. ஆவியைக் கொன்றிருந்தால் போதும். அதுவரை நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது ஒரு சாவு. அதைப் படித்த மறுநிமிடம் அது ஒரு தப்பு. சாவுக்கு அழலாம். தப்பைத் திருத்தத்தான் வேண்டும். முன்பு சேமித்து வைத்திருந்த 'சேவ்' ஒன்றைத் திறந்தேன்.

*

கடைசியில் 'சுபம்' என்று அட்டை போட்ட படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிறகு சிறுபத்திரிகைகளுக்கு வந்து, சுபம் என்றாலே முகம் சுளிக்கப் பழகியவனும் நான்தான். நம் கதைகளில் கடைசி வரியில் யாராவது சிரித்துவிட்டால் கதை வணிகப் பத்திரிகைக்குப் போய்விட்டதென்று அர்த்தம். அதனால் இருண்ட கதை சொல்லும் வீடியோ கேம்களில் நல்ல முடிவு இருக்கலாமா என்ற கேள்விக்கு என் கை பழக்கதோஷத்தில் உடனே 'கூடாது' என்று எழுதப் பார்க்கிறது. அந்த மாடியறை இரவுக்குப் பிறகுதான் கேள்வி வேறு எங்கோ இருக்கிறது என்று பட்டது.

நாவலிலும் காப்பியத்திலும் முடிவு ஒன்றுதான். கோவலன் மதுரைக்குப் போகிறான், சிலம்போடு பொற்கொல்லனிடம் மாட்டுகிறான், வெட்டுப்படுகிறான். ஊழ்வினை என்று காப்பியம் சொல்கிறது, நாமும் தலையாட்டுகிறோம். இதையே தேர்வு கொடுக்கிற கேமாகச் செய்து பாருங்கள். மதுரைக் கடைவீதி. இடது பக்கம் ஒரு பொற்கொல்லன், வலது பக்கம் இன்னொருவன். வலது பக்கம் போனால் சிலம்பு நல்ல விலைக்குப் போகிறது. கண்ணகியும் கோவலனும் மாதரி வீட்டுப் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். இடது பக்கம் போனவருக்கு இப்போது கிடைப்பது என்ன? மதுரை எரிவது அவருக்கும் தெரியும், கண்ணகியின் அழுகையும் கேட்கும். ஆனால் ஊழ் இருந்த இடத்தில் இப்போது கடை மாறிப் போன குற்றம் உட்கார்ந்திருக்கும். வலது பக்கக் கடை இருப்பதே தெரியாத வரைக்கும்தான் அவருடைய துயரம் துயரமாக இருக்கும். தெரிந்துவிட்டால் அது விசாரிக்காமல் போன ஆளின் அவஸ்தை.

இந்தக் கலையில் மட்டும் இருக்கிற சங்கடம் இது. நாம் பார்க்காத நல்ல முடிவு, நாம் பார்த்த முடிவின் பொருளை மாற்றிவிடுகிறது. விளையாடுகிறவர்களின் பேச்சிலேயே அது தெரியும். 'குட் எண்டிங்', 'பேட் எண்டிங்', 'ட்ரூ எண்டிங்' என்றுதான் சொல்வார்கள். 'பேட் எண்டிங் வந்துடுச்சு' என்று ஒருவன் சொல்லும் தொனியும் கணக்குப் பரீட்சையில் விடை தப்பாக வந்த தொனியும் ஒன்றுதான்.

வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கடைசி வரிசையில் பெரிய பாம்பு கடித்து அடிமட்டத்துக்கு விழுந்தால் எரிச்சல் வரும், குற்றவுணர்ச்சி வராது. விழ வைத்தது தாயக்கட்டை. தேர்வு கொடுக்கும் கேம்கள் அந்தக் கட்டையை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டன. விழுந்தால் நாமே விழுந்தோம். எழுந்தால், எந்த ஏணியில் யார் தோளில் மிதித்து எழுந்தோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இருண்ட கேம்களில் நல்ல முடிவு பொருந்துமா என்பதை நான் இந்த ஏணியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

*

ஏணி காற்றில் தொங்கினால் எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். பயோவேர் நிறுவனத்தின் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்', 2009. ரெட்கிளிஃப் என்ற ஊரில் கானர் என்ற சிறுவனைத் தீயசக்தி பிடித்திருக்கிறது. இரவானால் பிணங்கள் எழுந்து ஊரைத் தாக்குகின்றன. சிறுவனைக் கொல்லலாம். அல்லது அவன் தாய் இசோல்ட் தன் உயிரைக் கொடுக்க முன்வருகிறாள், அவள் இரத்தத்தை வைத்து மந்திரம் செய்து மகனை மீட்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார வைக்கிற கேள்வி. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஏரிக்கு அந்தப்புறம் இருக்கும் மந்திரவாதிகளின் கோபுரத்துக்குப் போய் உதவி கேட்கலாம். போய், அங்கேயுள்ள தொல்லைகளையெல்லாம் தீர்த்து, சாவகாசமாகத் திரும்பி வரும்வரை ரெட்கிளிஃபில் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. பேய் பிடித்த பிள்ளை மாடியில் சமர்த்தாகக் காத்திருக்கிறான். தாயும் பிழைக்கிறாள், மகனும் பிழைக்கிறான்.

இந்த மூன்றாவது வழி வந்ததும் முதல் இரண்டும் சோற்றில் கல் மாதிரி ஆகிவிடுகின்றன. தாயைப் பலி கொடுத்தவன் இனித் துயரப்பட்டவன் இல்லை, அவசரக்காரன். நல்ல முடிவு வைத்ததைக்கூட மன்னிக்கலாம். அது இலவசமாக வந்ததுதான் உறுத்துகிறது. கோபுரத்துக்குப் போய்வரும் நாட்களில் ஊரில் பத்துப் பேர் செத்திருந்தால் அந்தப் பத்துப் பேரின் பெயரால் அந்த முடிவு நின்றிருக்கும்.

எதிர்ப்பக்கப் பொய்யும் உண்டு. 2008இல் வந்த 'ஃபால்அவுட் 3' அணுயுத்தத்துக்குப் பிறகான வாஷிங்டனில் நடக்கிறது. கடைசியில் ஓர் அறைக்குள் போய் நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தை இயக்க வேண்டும். உள்ளே கதிர்வீச்சு, போனால் சாவு. நம்மோடு ஃபாக்ஸ் என்ற பிறழ்வுற்ற ராட்சதன் கூடவே வரக்கூடும். அவனைக் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது. முன்பு ஒருமுறை இதே போன்ற கதிர்வீச்சுக்குள் போய் நமக்குத் தேவையான கருவியை எடுத்துக்கொடுத்தவனும் அவன்தான். 'நீ போய் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு வா' என்று கேட்டால், இது உன் விதி, நான் குறுக்கே வர மாட்டேன் என்கிற தோரணையில் மறுத்துவிடுகிறான். விதி என்ற சொல்லை இவ்வளவு மலிவாக யாரும் விற்றதில்லை. விளையாடியவர்கள் கொதித்தார்கள். 2009இல் வந்த கூடுதல் பாகத்தில் ஃபாக்ஸை அனுப்பிவைக்க வழி செய்தார்கள். கதாநாயகனைச் சாகடித்தால் ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊர்க் கதைகளுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

2012இல் அதே பயோவேரின் 'மாஸ் எஃபெக்ட் 3' முடிவுக்கு எழுந்த கூச்சலையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். மூன்று கேம்களாகத் தொடர்ந்த நூற்றுக்கணக்கான தேர்வுகளும் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிற வெடிப்பில் வந்து நின்றன. ரசிகர்கள் பணம் திரட்டி, கனடாவின் எட்மன்டனில் இருந்த அந்த நிறுவனத்துக்குச் சுமார் 400 கப்கேக் அனுப்பினார்கள். மூன்று நிறங்களில். சாப்பிட்டால் எல்லாம் ஒரே ருசி. இதைவிடக் கச்சிதமான விமரிசனக் கட்டுரையை நான் படித்ததில்லை. அவர்கள் கேட்டது சந்தோஷத்தை என்று பலர் கேலி செய்தார்கள். கப்கேக் சொல்வது வேறு: நாங்கள் செய்ததற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் வேண்டும்.

*

சம்பந்தம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அளவில் மிகச் சிறிய ஒரு கேம். லூகஸ் போப் 2013இல் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை சர்வாதிகார நாடு. 1982 நவம்பர் 23. லாட்டரியில் வேலை விழுந்து, எல்லைச் சாவடியின் கூண்டுக்குள் உட்கார்கிறோம். வரிசையில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பச்சை முத்திரை அல்லது சிவப்பு முத்திரை. சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வோர் ஆளுக்கும் ஐந்து கிரெடிட் கூலி. மாலையில் வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து என்று கணக்கு வந்து நிற்கும். கவுண்ட்டருக்கு வெளியே நின்றே ஆயுள் கழிந்த நம்மைத் தூக்கி உள்ளே போடுகிற விளையாட்டு.

ஆரம்ப நாட்களில் ஒன்றில் ஓர் ஆள் வருகிறான். காகிதங்கள் எல்லாம் சரி. போகும்போது, அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் இரக்கமாக நடந்துகொள்ளுங்கள் என்கிறான். அவள் வருகிறாள். நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

"மாமா, அந்தக்கா பாவம், விட்ருங்க" என்றான் அக்கா மகன்.

"பேப்பர் இல்லையேடா."

"விட்டா என்ன ஆகும்?"

அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தப்பு செய்து எச்சரிக்கைச் சீட்டு வாங்கியிருந்தேன். மூன்றாவதற்குக் கூலியில் பிடிப்பார்கள். வீட்டில் பையனுக்குக் காய்ச்சல், மருந்து வாங்க வேண்டும். இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "இவங்களுக்கு அஞ்சு ரூபாதான் போகும். அந்தக்காவுக்கு உயிரே போகுது" என்றான். பச்சை முத்திரையை இழுத்துக் குத்தினேன். பிரிண்டர் கரகரவென்று சீட்டைக் கக்கியது. அபராதம். அன்று இரவு வீட்டுக்குக் கணப்பு இல்லை.

இந்தக் கேமுக்கு இருபது முடிவுகள். பெரும்பாலானவற்றில் கைது, அல்லது சாவு. ஓரளவு நல்லது என்று சொல்லக்கூடியவை கடைசி மூன்று. 18ஆவது முடிவில் குடும்பத்தோடு ஒப்ரிஸ்தான் என்ற நாட்டுக்குத் தப்பிக்கலாம். மனைவி, மகன், மாமியார், மனைவிவழியோ நம்வழியோ தெரியாத ஒரு மாமா, நான். போலி பாஸ்போர்ட் செய்ய அசல் ஒப்ரிஸ்தான் பாஸ்போர்ட் தேவை. தலைக்கு ஒன்று. எங்கே கிடைக்கும்? வரிசையில்தான். எல்லாம் சரியாக வைத்திருக்கும் ஒப்ரிஸ்தான்காரன் ஒருவன் வந்து நிற்கிறான். இழுப்பறையைத் திறந்து அவன் பாஸ்போர்ட்டைப் போட்டு மூட வேண்டும். அவன் ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த ஆள். ஐந்து பேருக்கு ஐந்து தடவை.

ரயிலேறித் தப்பிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். மாமியாரைக்கூட விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்ற பெருமிதம் வேறு. ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் அந்தப் பனியில் வெளியே நடந்துபோன ஐந்து பேரும் அந்த ரயிலில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கேம் அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை, நீ கெட்டவன் என்று குத்திக்காட்டுவதும் இல்லை. இழுப்பறையைத் திறந்தது என் கை என்பது மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறது. இது நல்ல முடிவு. இருட்டும் அப்படியே இருக்கிறது.

20ஆவது முடிவையும் சொல்லிவிடுகிறேன். அரசுக்கு விசுவாசமாக உழைத்தால் வேலையில் நீடிக்கலாம். அதற்குப் பரிசாக, முடிவே இல்லாமல் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் ஒரு தனி ஆட்டத்தைத் திறக்கும் எண் தருகிறார்கள். ஓர் அரசு ஊழியனுக்கான சொர்க்கத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் வரைந்துவிட முடியாது.

*

விட்சர் செய்த அதே போலந்து நிறுவனம் 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளியிட்டது. நாயகன் அல்லது நாயகியின் பெயர் வி. தலையில் பொருத்தப்பட்ட சில்லு ஒன்று மெல்ல மெல்ல வியைக் கொன்றுகொண்டிருக்கிறது. சில்லுக்குள் இருப்பது ஜானி சில்வர்ஹேண்ட் என்ற, என்றோ செத்துப்போன ராக் பாடகனின் பிரதி. எந்த முடிவுக்குப் போனாலும் வி பிழைப்பது உறுதியில்லை. ஏறக்குறைய ஆறு மாதத் தவணை, அல்லது அதுவும் இல்லை. ஒரு முடிவாவது வி பிழைக்கிற மாதிரி வையுங்கள் என்று விளையாடியவர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2023 செப்டம்பரில் 'ஃபேன்டம் லிபர்ட்டி' என்ற கூடுதல் பாகத்தோடு அந்த முடிவு வந்தது. அதை எழுதியவர்களின் குரூரத்தை வியக்கிறேன். சோ மி என்ற பெண்ணும் வியைப் போலவே செத்துக்கொண்டிருக்கிறாள். மருந்து ஒன்றுதான், ஒருவருக்குத்தான் பயன்படும். அதை மறைத்து வியின் உதவியைப் பெற்றவள் அவள். அவளை உயிரோடு அவள் அஞ்சி ஓடுகிற அரசிடமே ஒப்படைத்தால், வியின் உயிரை அவர்கள் மீட்டுக் கொடுப்பார்கள்.

ஒப்படைத்தால், வி கண்விழிப்பது இரண்டு வருடம் கழித்து. உடம்பில் இனிப் போர்க் கருவிகள் எதையும் பொருத்த முடியாது. ஜானி இல்லை. பழைய நண்பர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கிறாள். (நான் வியைப் பெண்ணாக ஆடினேன்.) ஜூடி கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். பனாம் எடுக்கவே இல்லை. வைத்தியர் விக்டரின் பழைய கிளினிக் இப்போது ஒரு பெரிய நிறுவனத்தின் கையில். தெருவில் இரண்டு மூன்று பொறுக்கிகள் அடிக்கிறார்கள். கேம் தொடங்கியதிலிருந்து அந்த மாதிரி ஆட்களை வி ஊதித்தள்ளியிருப்பாள். இப்போது படிக்கட்டில் சுருண்டு கிடக்கிறாள். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நகரத்தின் ஜனத்திரளுக்குள் நடந்து கரைகிறாள். அவ்வளவுதான்.

கேட்டது கிடைத்தது. உயிர். அந்த நகரத்தில் எல்லோரும் பெயர் வாங்கிச் சாகத்தான் அலைகிறார்கள். பெயரில்லாமல் வாழ்வது என்ற தேர்வைக் கடைசியில் கொடுத்து, இது வேண்டுமா என்று கேட்கிறது கேம். எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த முடிவைப் பார்த்துவிட்டு, எல்லா முடிவுகளிலும் இதுதான் மோசமானது என்றார். இன்னொருவர் இதுதான் ஒரே நல்ல முடிவு என்றார். முன்னவருக்கு வயது 22. பின்னவர் இரண்டாவது முறை ஆஞ்சியோ முடித்து வந்தவர்.

*

விலையே இல்லாமல் ஒரு நல்ல முடிவு இருண்ட கதையில் நிற்குமா? நான் பார்த்ததில் இரண்டு நிற்கின்றன.

டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' (2015) யாரையும் கொல்லாமலே முடிக்கக்கூடிய கேம். அப்படி முடித்தால் எல்லோரும் வெளிச்சத்துக்கு வருகிறார்கள், கண்கூசும் அளவுக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு கேமைத் திரும்பத் திறந்தால், இத்தனை தூரம் வில்லனாக இருந்த பூ ஒன்று வந்து கெஞ்சுகிறது. இவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க இனி ஒருவரால்தான் முடியும், அது நீ, தயவுசெய்து முதலிலிருந்து ஆரம்பிக்காதே என்கிறது. கெஞ்சலை மீறி, இன்னொரு பாதையில் எல்லோரையும் கொன்று முடித்தால், பின்பு எத்தனை முறை நல்லவனாக விளையாடினாலும் அந்த நல்ல முடிவில் ஒரு கறை படிந்தே வரும். இலவசமாகக் கிடைத்த சுபத்துக்குப் பிறகு வருகிற பில் இது: அதைத் தொடாமல் விடுவது. ஆடத் தெரிந்த விரலுக்கு ஆடாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை.

இரண்டாவது, மறுபடியும் விட்சர் 3. கதையின் மையமே கெரால்ட் மகளாக வளர்த்த பெண்ணைத் தேடுவது. அவள் பெயர் சிரி. தமிழில் அந்தப் பெயருக்கு ஒரு கட்டளையின் பொருள் இருப்பதை அக்கா மகன்தான் சொன்னான். கடைசியில் அவள் பிழைப்பதும் பிழைக்காததும் போர்க்களத்தில் நாம் எடுக்கும் முடிவுகளால் தீர்மானமாவதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில சின்னத் தருணங்கள். வளர்த்த முதியவர் செத்து, அவள் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது ஆறுதலாகக் குடிக்க எதையாவது நீட்டுவதா, பனியை உருட்டி அவள்மேல் எறிந்து விளையாடுவதா? பெரிய மனுஷிகளின் கூட்டத்துக்கு அவள் தனியாகப் போகட்டும் என்று விடுவதா, கூடவே போய் நிற்பதா? அவள் ஆத்திரத்தில் அறையை நொறுக்கும்போது தடுப்பதா, சேர்ந்து நொறுக்குவதா? கேம் எந்த இடத்திலும், இது முக்கியமான கட்டம், கவனமாக இரு என்று சொல்வதில்லை.

நான் குடிக்கக் கொடுத்தேன். கூட்டத்துக்குக் கூடவே போனேன். அக்கறைதான். பரீட்சை ஹால் வாசல் வரைக்கும் போய், மணி அடித்தபிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாக்களின் அக்கறை. சிரி திரும்பி வரவில்லை. கடைசிக் காட்சியில் கெரால்ட் ஒரு சதுப்பு நிலக் குடிசையில், செத்த முதியவரின் பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வெளியே பேய்கள் சூழ்கின்றன.

அவள் பிழைத்து வருகிற முடிவு யார் உயிரையும் விலையாகக் கேட்பதில்லை. ஆனாலும் அது பொய்யாகத் தோன்றவில்லை. ஏனென்றால் அது கேட்கிற விலையை அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட முடியாது. பிள்ளையைத் தன் போக்கில் விட வேண்டும், பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கைடைப் படித்துவிட்டு அந்தப் பனியுருண்டையை எறிகிறவனுக்கு முடிவு கிடைக்கும், இது கிடைக்காது. எனக்கும் இரண்டாவது முறை முடிவு கிடைத்தது.

*

பாரனிடம் வருகிறேன்.

மறுநாள் இரவு, பழைய சேவிலிருந்து ஆடினேன். மரத்தடி ஆவியைக் கொன்றேன். எல்லாம் கைடில் இருந்தபடியே நடந்தது. ஆன்னா பிழைத்தாள், புத்தி மட்டும் பேதலித்திருந்தது. ஸ்ட்ரெங்கர் குடியை விட்டுவிட்டதாகச் சொன்னான். நீல மலைப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறாராம், அவரிடம் இவளைக் கூட்டிப் போகப் போகிறேன் என்றான். அந்தப் பெரிய உடம்பு அவளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தப்பைத் திருத்திவிட்ட நிம்மதி.

"மாமா, அந்தப் பசங்க எங்க?"

"எந்தப் பசங்க?"

"நேத்து இருந்துச்சுங்களே. சேத்துல ஓடிப் பிடிச்சு விளையாடுச்சுங்க. உங்ககூட ஒளிஞ்சு பிடிச்சாடுனது ஒண்ணு."

சதுப்பு நிலத்துக் குடிசைகள் அப்படியேதான் இருந்தன. குழந்தைகள் இல்லை. ஆவியைக் கொன்றுவிட்டதால் அவர்களைக் காப்பாற்ற யாரும் இல்லாமல் போயிருந்தது. கிழவிகள் தின்றுவிட்டார்கள். கைடில் அதுவும் இருந்திருக்கும். பாரன் பிழைப்பான் என்ற வரியைப் பார்த்ததும் நான் அதற்குக் கீழே படிக்கவில்லை.

"அப்போ முந்தியதையே லோடு பண்ணுங்க மாமா."

"அதுல இவன் தூக்குல தொங்குவானேடா. அந்தக் கிராமமும் போயிடும்."

அவன் பதில் சொல்லாமல் மௌஸைக் கையில் எடுத்தான். சேவ் பட்டியலைத் திறந்து, இரண்டு சேவ்களையும் மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் பார்த்தான். முந்தினநாள் தேதியில் ஒன்று, அன்றைய தேதியில் ஒன்று. பக்கத்தில் தபால்தலை அளவுக்கு இரண்டு படங்கள், இரண்டிலும் அதே இருட்டு. கீழேயிருந்து அக்கா, "மணி என்ன ஆகுது, ரெண்டு பேரும் படுக்கலையா?" என்று குரல் கொடுத்தாள். அவன் எதையும் திறக்காமல் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான்.